பால்துரை அண்ணாச்சியின் வலது கை

எங்கள் சாயர்புரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சி எதற்கும் பதறுகிற மனிதர். சர்க்கரை நோயால் கண் மங்கி, இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், சாவி அவர் மனைவி செல்வராணி அக்கா கைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அக்கா பழகி லைசென்ஸ் வாங்கினார். சரக்கெடுக்கத் தூத்துக்குடிக்கு இருவரும் சேர்ந்தே போய்வந்தார்கள்.

அதன்பிறகுதான் மைலேஜ் விழுந்தது. லிட்டருக்குப் பதினெட்டு ஓடிய கார் பன்னிரண்டு கூடத் தாண்டவில்லை.

"ஏளா, நீ கியரை மாத்தாம இழுக்கே. அதான் பெட்ரோலைக் குடிக்கு" என்றார் அண்ணாச்சி.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. நேராக மெக்கானிக் ஹென்றியிடம் வண்டியைக் கொண்டுபோனார். ஹென்றி ஏர் பில்டரைப் பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், டயரில் காற்றைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியாகச் சக்கரங்களைத் தொட்டார். பின்சக்கரத்தில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார்.

"கொதிக்குது அக்கா. பிரேக்கு பிடிச்ச மேனிக்கே ஓடுது. உப்புக் காத்துல துருவேறி ஒட்டியிருக்கும்."

கழற்றித் துடைத்துக் கொடுத்தார். மறுவாரமே பழைய கதை. ஹென்றிக்கு மண்டை குடைந்தது. "நீங்க ஓட்டுங்க அக்கா, நான் பின்னால உக்காந்து வாரேன்" என்றார்.

துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி உரசுவதுபோல் வந்தது. பக்கத்து சீட்டிலிருந்த அண்ணாச்சியின் வலது கை ஹேண்ட்பிரேக்கைப் பற்றி மெல்ல மேலே தூக்கியது. லாரி போன பிறகும் இறக்கவில்லை.

"அண்ணாச்சி, அதை எதுக்குப் பிடிச்சிருக்கீய?"

"பயமா இருக்குல்லா."

"தூக்கினா முன்னால செவப்பு லைட்டு எரியணுமே?"

"அது எரிஞ்சு வருசக்கணக்காச்சு" என்றார் அக்கா. வண்டியை ஓரங்கட்டினார். திட்டப்போகிறார் என்று ஹென்றி நினைத்தார். அக்காவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரேக்கைப் பிடிச்சது நீங்க, பழி என் மேலயா?"

"உனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா, ராணி" என்றார் அண்ணாச்சி, குனிந்த தலை நிமிராமல்.

ஹென்றி பிரேக்கைப் புதுப்பித்து, லைட்டையும் எரியவைத்து, அண்ணாச்சியைப் பின்சீட்டுக்கு மாற்றினார். மைலேஜ் திரும்பியது. ஆனால் முதல் சில பயணங்களில் அண்ணாச்சி முன்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

போன மாதம் ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணத்துக்கு நானும் அவர்களோடு போனேன். ஏரல் வருவதற்குள் பின்சீட்டில் அண்ணாச்சி வாயைத் திறந்து தூங்கிவிட்டார். சாலையை மறித்து ஒரு ஆட்டுமந்தை போய்க்கொண்டிருந்தது. ஹார்னில் கைவைக்கப்போன அக்கா, கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கடைசி ஆடு கடக்கும்வரை காத்திருந்தோம்.