சைபுதீன் பாயின் இடது கை

செஞ்சியில் மாட்டுத் தரகு செய்துவந்த சைபுதீன் பாய் தன் வாழ்நாளில் ஒரு மாட்டின் விலையைக்கூட வாயால் சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளப் போன எனக்கு அது பெரிய தொல்லையாக வந்து முடிந்தது.

சந்தையில் தரகர்கள் விலை பேசும் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் வலது கையைச் சேர்த்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் போனால் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, மீதிக்கு விரலைப் பிடிப்பார்கள். வாய் மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஊரே நின்றாலும் விலை யாருக்கும் தெரியாது. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விரல் மூன்று என்று மட்டும்தான் சொல்லும். முப்பதா முந்நூறா என்பதை நடுவில் நிற்கும் மாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கிழட்டுப் பசுவுக்கு ஒரு மூன்று, உழவு ஜோடிக்கு வேறு மூன்று.

பாய் இந்தத் தொழிலில் கறாரானவர். மாட்டுக்குச் சுழி சரியில்லை, கால் தாங்குகிறது என்றால் எவ்வளவு கமிஷன் வந்தாலும் முடித்துத் தர மாட்டார். அனந்தபுரம் சந்தையிலும் மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அவர் கை பட்ட பேரம் என்றால் அப்புறம் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள். வீட்டிலும் அவர் அதிகம் பேசியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் மனைவி அசீசுன்னிசா என்னிடம் முதலில் சொன்னதே அதுதான். "பேச்சு போயிடுச்சின்னு எல்லாரும் அழுவுறாங்க. இருந்தப்ப மட்டும் இன்னா பேசிக் கொட்டிட்டாரு?"

அறுபத்தாறாம் வருடம் அனந்தபுரம் சந்தையில், ஒரு ஜோடிக்குப் பேரம் நடக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை துண்டுக்கு அடியில்தான் இருந்தது. எதிராளி, பாய் யோசிக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் விலைக்காகக் காத்திருந்தாராம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும், சைக்கிள் கடை வைத்திருந்த அவர் மகன் நூருல்லா என்னைத் தேடி வந்தார். நான் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவந்தேன். ஊரில் என்னை நர்சம்மா என்பார்கள்.

முதலில் கூழ் ஒழுங்காக இறங்கியது. அப்போது அவருக்கு அரைகுறை நினைவுதான். நினைவு தெளியத் தெளிய வாய் மூடிக்கொண்டது. கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்றார். நாளை மறுநாளுக்குள் சாப்பிடவில்லை என்றால் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றும் சொன்னார். அன்றைய ரோட்டில், அந்த உடம்போடு, பாண்டிச்சேரி வரைக்கும் அவர் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. ஆனால் பட்டினி போட்டும் வைத்திருக்க முடியாது.

அவருடைய இடது கையும் என்னைப் படுத்தியது. நான் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் போதும், என் கையைத் தேடிப் பிடிக்கும். மூன்று விரல்களைச் சேர்த்து இறுக்கும். நரம்பு இழுக்கிறது என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். பிறகு என் உள்ளங்கையை நகத்தால் கீறினார். நான் நகத்தை வெட்டிவிட்டேன்.

இதை நூருல்லா பார்த்துவிட்டு, "அத்தா ஏதோ விலை சொல்றாரு" என்று பச்சமுத்துவை அழைத்துவந்தார். பச்சமுத்து, பாயோடு பல காலம் சேர்ந்து தரகு செய்தவர். வந்தவர் கட்டிலருகே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, முறைப்படி வலது கையை நீட்டினார். பாய் இடது கையைக் கொடுத்தார். பச்சமுத்து சூடுபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"இடது கைல பேசினா அது பேரமே இல்லம்மா. இவ்ளோ வருஷம் தொழில் பண்ண மனுசன் இந்தக் கைய நீட்டுறாருன்னா, புத்தி கலங்கிடுச்சின்னு அர்த்தம்."

"வலது கை செத்துக் கிடக்குது. அவர் வேற எந்தக் கைய நீட்டுவார்?" என்றேன்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

சரி, மூன்று விரலைப் பிடிக்கிறாரே, கீறுகிறாரே, அதற்காவது பொருள் சொல்லும்படி கேட்டேன். மூன்று என்றால் மூன்றுதான், கீறினால் கட்டாது என்று அர்த்தம் என்றார். பேரம் முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது தெரிந்தால் எவன் வேண்டுமானாலும் துண்டுக்குள் கையைவிட்டு ஏமாற்றிவிடுவானாம். சந்தைக்கு வராதவர்களுக்கு அதைச் சொல்வதில்லையாம். கண்முன்னே ஒரு மனிதர் பட்டினியில் காய்ந்துகொண்டிருக்கிறார், இவர் சந்தை ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது எனக்கு.

அதற்குள் நூருல்லாவும் பச்சமுத்துவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். விழுந்த அன்றைக்கு முடியாமல் நின்றுபோன அந்த ஜோடியைத்தான் பாய் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் சோறு இறங்கவில்லை என்றார்கள். நூருல்லா பஸ் ஏறி அனந்தபுரம் போனார். மாட்டுக்காரர் அந்த ஜோடியை எப்போதோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். திரும்பி வந்து அந்தச் செய்தியை அத்தாவின் காதில் உரக்கச் சொன்னார். பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் கொடுத்த கெடுவில் ஒரு பகல் இப்படிப் போயிற்று.

மறுநாள் காலை நான் கிண்ணத்தைக் கழுவ வெளியே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து அவருக்கு முகம் துடைத்துவிட்டேன். இடது கை சும்மா கிடந்தது. என் கையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கூழை ஊற்றிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். உடனே பிடித்தார். மூன்று.

நடுவில் நிற்கும் மாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது கிண்ணம்தான். மனிதர் சாப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்று கரண்டி என்கிறார். கிண்ணம் நிறையக் கொண்டுவந்தது நான் சொன்ன விலை. மூன்று என்பது அவர் கேட்கும் விலை. பதில் சொல்லாமல் வாயில் திணிக்கப் பார்த்தால் எந்தத் தரகர் ஒப்புக்கொள்வார்?

அவருடைய துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டேன். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, முழுக் கையையும் பிடித்தேன். பத்து. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கீறினார். நகம் இல்லாததால் வலிக்கவில்லை. எட்டு என்றேன். மூன்று. ஆறு என்றேன். மூன்று. கூழ் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. ஐந்துக்கு நான் இறங்கிய பிறகு அவர் நாலுக்கு வந்தார். சரி, நாலு என்று வாயால் சொல்லிக் கரண்டியை எடுத்தேன். பல் திறக்கவில்லை.

பேரம் படிந்தும் முடியவில்லை. முடிக்கும் அடையாளம் எனக்குத் தெரியாது. பச்சமுத்து சொல்ல மாட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அசீசுன்னிசாவைக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறீர்களே, ஒரு விஷயத்துக்குச் சரி என்று எப்படித்தான் சொல்வார் என்று கேட்டேன்.

"சரின்னு எங்க சொல்லுவாரு? பெருநாளைக்குப் பொடவ கேட்டா, என் சுண்டுவிரல ஒரு இழு இழுத்துட்டுப் போயிடுவாரு. கேலி பண்றாருன்னு நெனப்பேன். அப்புறம் பார்த்தா பொடவ வந்துடும்."

துண்டுக்குள் கையைவிட்டு அவர் சுண்டுவிரலை இழுத்தேன். பாய் வாயைத் திறந்தார். நாலு கரண்டி வாங்கிக்கொண்டு மூடிவிட்டார். அடுத்த வேளைக்கு ஐந்து. பாண்டிச்சேரிக்குப் பேசி வைத்திருந்த காரை நூருல்லா வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

இதோடு என் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால் தப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் சந்தைதான். கூழுக்குப் பேரம், மருந்துக்குப் பேரம், புரட்டிப் படுக்கவைப்பதற்குப் பேரம். காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு இரண்டு தடவைக்கு மேல் தர மாட்டார். மோவாயில் சிந்திய கரண்டியையும் கணக்கில் சேர்ப்பார், சிந்தியது என் பொறுப்பாம். பேசிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், துப்பிவிட்டார். ஆனால் ஒத்துக்கொண்டதில் ஒன்றைக்கூடக் குறைத்ததில்லை. மற்ற வீடுகளில் ஒரு நோயாளிக்குக் கூழ் ஊட்டும் நேரத்தில் இங்கே எனக்குப் பேரத்தில் பாதிதான் முடிந்திருக்கும். பச்சமுத்து ஒருநாள் வந்து, நாங்கள் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். அடுத்தமுறை வந்தபோது தன் இடது கையை நீட்டினார். இடதுக்கு இடது என்றால் முறை கெடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்போல.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் வழக்கம்போலப் பத்து என்று ஆரம்பித்தேன். பாய் உடனே என் சுண்டுவிரலை இழுத்தார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நூருல்லாவைக் கூப்பிட்டு டாக்டரை அழைத்துவரச் சொன்னேன்.

"பத்துக்கு ஒத்துக்கிட்டாருன்னா நல்லதுதானே நர்சம்மா?"

"உங்க அத்தா முதல் விலைக்கு ஒத்துக்கிட்டு நீ பார்த்திருக்கியா தம்பி?"

அவர் உடனே சைக்கிளை எடுத்தார். உடம்பு அப்போது சுடவில்லை. டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டதில் நெஞ்சில் சளி இறங்கியிருந்தது தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஜுரம் ஏறிவிட்டது. ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் நான் எத்தனை சொன்னாலும் பாய் சுண்டுவிரலை இழுத்தார். ஒரு கரண்டிக்குமேல் இறங்கவில்லை. அசீசுன்னிசா கட்டிலைவிட்டு எழவில்லை. எனக்குக் கூழைக் கையில் எடுக்கவே எரிச்சலாக இருந்தது. பேரம் இல்லாத கை வெறும் கைதான்.

மழை விட்ட பிறகு ஒருநாள் மதியம் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்து, துண்டைப் போட்டுப் பத்து என்றேன். உள்ளங்கையில் சுருக்கென்று கீறல் விழுந்தது. நகம் மறுபடி வளர்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. பிறகு என் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

அசீசுன்னிசா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு என்கிறார் என்றேன். அந்த அம்மாள் எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போனார். கூழ் ஆறிக்கொண்டிருந்தது. நான் எட்டு என்றேன்.