என் கார்டில் காதர் பாயின் மாத்திரை

காலை ஏழு மணிக்குத் தேநீர்க் கோப்பை என் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. போன் எடுக்கவில்லையே என்று தங்கை ரீட்டா ஆற்றுக்கு அப்பாலிருக்கும் தன்லியினிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி பத்தரை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது) என்றார் டாக்டர். அடைப்பைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். "வேறென்ன மருந்து சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரைதான், ஸாயா. இவங்க வாங்குற கடையோட கார்டு பையில இருக்கு," என்றாள் ரீட்டா. பர்மிய மொழியில் டாக்டரை ஸாயா என்றுதான் அழைப்போம்.

அந்தத் தள்ளுபடி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேட்டையான கியாக்டடாவில் ஒரு மருந்துக்கடை தருவது. வாங்க வாங்கத் தள்ளுபடி கூடும். அதனால் எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டுக்கும் என் கார்டு ஒன்றுதான். வாங்குவதெல்லாம் கம்ப்யூட்டரில் என் பெயரில் ஏறும். அதை நம்பினால் நான் செத்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

கடைக்குப் போன் செய்தார்கள். "இரத்தம் உறையாம இருக்க மாத்திரை மாசாமாசம் வாங்கியிருக்காங்க. இப்ப ஊசி போட்டா மூளையில இரத்தம் கசியலாம்," என்றார் டாக்டர்.

அது கீழ்வீட்டுக் காதர் பாயின் மாத்திரை. அவருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. எல்லாம் என் காதில் விழுந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

இரத்தச் சோதனை முடிவு வந்து, நான் அந்த மாத்திரையைத் தொட்டதே இல்லை என்று தெரிந்தபோது ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது.

நாலு மாதத்தில் பேச்சு திரும்பியது. கை திரும்பவில்லை. "பாய்கிட்ட நான் கேக்குறேன்," என்று ரீட்டா குதித்தாள். கூடாது என்றேன். தன்னால்தான் என்று தெரிந்தால் மனுஷர் மாத்திரையையே நிறுத்திவிடுவார். இதைப் படிக்கிறவர்கள் அவரவர் பெயரில் அட்டை எடுங்கள். தள்ளுபடி குறைந்தால் குறையட்டும்.

போன வாரம் பாய் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்தார். கையில் சமோசா.

"ஸ்டெல்லாம்மா, ஒங்க கார்டு புண்ணியத்துலதான் இந்த உசுரு ஓடுது."

"இனிமே ஆளுக்கொரு கார்டாம், பாய். ஒங்க பேர்ல ஒண்ணு போட்டுருங்க," என்று பொய் சொன்னேன். "எடது கையால வாங்குறேன், தப்பா நெனைக்காதீங்க."

"கை சீக்கிரம் வந்துரும்மா. துஆ செய்றேன்."

அவர் இறங்கிப் போனார். சுவர்க் கடிகாரம் ஐந்தைக் காட்டியது. என் வலது கைக்கு மட்டும் இன்னும் அந்தக் காலை முடியவில்லை. அந்த மாத்திரை யாருடையது என்று யாராவது கேட்க மாட்டார்களா என அது காத்துக் கிடக்கிறது.