சேகர் அன்று என் வீட்டுக்கு வரவில்லை

போன மாதம் எங்கள் வீட்டு வாட்டர் ஃபில்டர் கத்த ஆரம்பித்தது. சும்மா கத்தல் இல்லை... பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கிற அளவுக்கு. என் கணவர் வழக்கம்போல அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார். நான் வழக்கம்போலக் கம்பெனிக்கு போன் செய்தேன்.

மறுநாள் காலையில் மெசேஜ் வந்தது. 'உங்கள் டெக்னீஷியன் சேகர் கிளம்பிவிட்டார்.' கூடவே சேகரின் போட்டோ. கீழே ஒரு மேப். மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி.

இந்தப் புள்ளியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. உங்களுக்கும் இருக்கும், மறைக்காதீர்கள். ஆட்டோ வருகிறதா, கூரியர் வருகிறதா என்று அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். புள்ளி எங்கேயாவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் போதும் — 'டீ குடிக்க ஒதுங்கிட்டான் பாரு' என்று நமக்குள் இருக்கிற மேனேஜர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

புள்ளி சிவாஜிநகரில் கொஞ்சம் திணறியது. அப்புறம் காக்ஸ் டவுனுக்குள் நுழைந்து, சர்ச்சைத் தாண்டி, எங்கள் தெருவில் திரும்பியது. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால்... நின்றவர் சேகர் இல்லை.

கதையைத் தொடர்வதற்கு முன் ஒரு விஷயம். இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். மெஷினையும் மாற்றியிருக்கிறேன், ஃபில்டர் இல்லை, சமையலறையில் இருக்கிற வேறு ஏதோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சேகரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஃபில்டருக்கு வருஷக்கணக்கில் அவர்தான் வைத்தியர். இதே ஊரில் நீலசந்திராக்காரர். கல்யாணம் ஆகவில்லை, அவரும் அம்மாவும் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து முதலில் தானே குடித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

வந்திருந்தவர் பெயர் பாஷா. அதே கம்பெனி சட்டை, அதே பை. நான் கிரில் கதவைத் திறக்காமலே விசாரித்தேன். மேப்பில் வந்தது சேகர், வாசலில் நிற்பது நீங்கள் — என்ன கணக்கு இது? அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சேகரு ஆஸ்பத்திரில இருக்காரு மேடம். அவங்கம்மாக்கு ரொம்ப சீரியஸ். அதான் அவரு போனை நான் சொமக்கிறேன்."

போனைச் சுமப்பது. இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே பாஷா விளக்கினார். ஒவ்வொருவர் போனிலும் கம்பெனியின் ஆப் இருக்கிறது. எந்த வீட்டுக்குள் எப்போது நுழைந்தான், எப்போது வெளியே வந்தான் என்று எல்லாம் அதில் தெரியும். வேலை இல்லாத இடத்தில் போன் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் பச்சைப் புள்ளி சிவப்பாகிவிடும். சிவப்பு நேராக சூப்பர்வைசரிடம் போய் நிற்கும். சேகர் தன் லீவையெல்லாம் அம்மா படுத்த புதிதிலேயே தீர்த்துவிட்டார். இன்னும் கேட்டால் சூப்பர்வைசர் மஞ்சுநாத் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள் என்று கன்னடத்தில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவாராம். அதற்கு மேலும் கேட்டால் அந்த ஏரியாவே வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதனால் இவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் சாவோ நோவோ என்றால், போனை அதே பக்கம் சுற்றுகிற நண்பனிடம் கொடுத்துவிடுவது. அவன் தன் வேலையோடு இவன் வேலையையும் சேர்த்துச் செய்வான். இரண்டு புள்ளியும் ஊர்ந்துகொண்டே இருக்கும். சிம்மை எடுத்தால் ஆப் மூடிக்கொள்ளும் என்பதால் போனை அப்படியே கொடுத்துவிட வேண்டும். பாஷாவுக்குக் குழந்தை பிறந்தபோது சேகர் சுமந்தாராம். இப்போது பாஷாவின் முறை.

கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. சாட்டிலைட்டையே ஏமாற்றுகிறார்களே, பலே என்று நினைத்தேன். பத்திரிகையில் நான் எழுதுகிற அடுத்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் சமையல் மேடையில் வைத்திருந்த சேகரின் போன் அதிர ஆரம்பித்தது.

லேண்ட்லைன் நம்பர். பாஷா எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாரே தவிர, எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. கிரானைட் மேல் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பாஷா அதைப் பிடித்து, பத்திரமாக உள்ளே தள்ளி வைத்தார். எடுக்கலையா என்று கேட்டேன்.

"எடுக்கக் கூடாது மேடம். ஆபீஸ்ல இருந்து இப்படித்தான் செக் பண்ணுவாங்க. என் கொரலைக் கேட்டா ரெண்டு பேர் வேலையும் போச்சு."

நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். போன் ஓய்ந்தது. பாஷா ஃபில்டரை மாட்டினார், ஓ.டி.பி. கேட்டார், சொன்னேன். சேகரின் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கு மெசேஜ் வந்துவிட்டது. 'சேகர் உங்கள் வீட்டுக்கு வந்து சென்றார். அவருடைய சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?' அடுப்பு வேலையில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் சேகர் வந்தார். கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். தலை மொட்டை. நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஃபில்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார்.

அம்மா இருந்தது தீவிர சிகிச்சை வார்டில். கூட இருப்பவர்களை மேலே நிற்க விட மாட்டார்கள். கீழே கேன்டீனை ஒட்டி ஒரு தகர ஷெட் இருக்கிறது, எல்லாரும் அதில்தான் காத்திருக்க வேண்டும். ஏதாவது தேவை என்றால், சேர்க்கும்போது கொடுத்த நம்பருக்கு மேலே இருந்து போன் செய்வார்கள். சேர்க்கிற அன்று சேகர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். வேறு யார் நம்பரைக் கொடுப்பார்? பாஷா கையில் போனைக் கொடுக்கும்போது இது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான்தான் அங்கயே இருக்கேனே மேடம், எனக்கு எதுக்கு போனுன்னு நெனச்சிட்டேன்."

அன்று காலை அம்மாவுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. கண் திறந்து மகனைக் கேட்டிருக்கிறார். நர்ஸ் அந்த நம்பருக்கு போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. அம்மா மறுபடியும் கேட்டார். நர்ஸும் மறுபடியும் செய்து பார்த்தார். அந்த நேரத்தில் சேகர் கீழே ஷெட்டை ஒட்டிய குழாயில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் வந்ததும் கஞ்சியோடு படியேறிப் போனார். அம்மாவை முகம் வரைக்கும் போர்த்தியிருந்தார்கள்.

அந்த போன் என் சமையல் மேடையில்தான் அதிர்ந்தது. கீழே விழாமல் பிடித்து உள்ளே தள்ளி வைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா மகனைக் கூப்பிடுகிற சத்தம் அது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட, காலம் மெல்ல ஆற்றும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். முடியவில்லை.

சேகருக்கு ஒரே அக்கா. தேவி. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். ஓடி வந்தவரிடம் நர்ஸ் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்: அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், உங்கள் தம்பி போனை எடுக்கவில்லை. எங்கேடா போனாய் என்று அக்கா கேட்டார். கீழேதான் இருந்தேன் என்று தம்பி சொன்னார். அழுகைக்கு நடுவே அக்கா அதைப் பாதி நம்பினார்.

காரியத்தன்று மஞ்சுநாத் மாலையோடு வந்தார். நல்ல மனுஷர் என்று சேகரே சொல்கிறார். கண் கலங்கி, சேகரின் தோளில் கைபோட்டு, கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி தேவியிடம் சொன்னார்.

"உங்க தம்பி மாதிரி ஆள் கெடைக்க மாட்டான்ம்மா. அம்மா போன தினம்கூட ஒரு வீட்டைக்கூட விடல. ஃபுல் டே ஃபீல்டுலயே இருந்தான். நான் ஆப்ல பாத்தேன்."

பாராட்டினார். மனசார, பெருமையோடு பாராட்டினார்.

அந்த இடத்தில் 'இல்லை சார்' என்று சேகர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டு எதிரே நின்றது பாஷா. கைக்குழந்தைக்காரர். உண்மையைச் சொன்னால் முதலில் போவது அவர் வேலை. சேகர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தம்பியைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆம்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். இன்றுவரை தம்பியோடு பேச்சில்லை. போன் செய்தால் கட் செய்கிறார். பாஷா பேசிப் பார்த்தாராம். நீ அவன் சிநேகிதன், அவனுக்காக எதையும் சொல்வாய் என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

"நீங்க சொன்னா நம்பும் மேடம். அன்னைக்கி நான் உங்க வீட்டுக்கு வரலைன்னு மட்டும் அக்காகிட்ட சொல்லிடுங்க."

வந்தேன் என்று சொல்லச் சாட்சி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வரவில்லை என்று சொல்லச் சாட்சி தேடி ஒருவர் என் வீட்டு வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

என் போனிலிருந்தே கூப்பிட்டேன். தேவி எடுத்தார். நான் யார், எங்கே இருக்கிறேன் என்று சொல்லி, அன்று நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மேப்பில் வந்தது சேகர், வீட்டுக்கு வந்தது பாஷா, போன் அதிர்ந்தது என் மேடையில். அவர் குறுக்கே பேசவில்லை. கோபப்படவும் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் ஆஸ்பத்திரில கீழ உக்காந்திருந்தத நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

சேகர் அன்று என் வீட்டில் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று நம்புகிறேன். இரண்டும் ஒன்றில்லை என்பது தேவிக்குப் புரிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை என்றேன்.

"எங்கம்மா கூப்ட்டப்ப அவன் வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்ம்மா."

வைத்துவிட்டார்.

பார்த்தவர்கள் இருப்பார்கள். அந்தத் தகர ஷெட்டில் அவரோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள், குழாயடியில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள். அவரவர் கவலையோடு வந்து, அவரவர் ஊருக்குப் போய்விட்டவர்கள். அவர்களை எந்த மேப்பில் தேடுவது?

போனை வைத்ததும் சேகர் என் முகத்தைப் பார்த்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் ஃபில்டரின் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். நன்றாக வருகிறது என்றார். அதற்குள் அவர் சட்டைப் பையில் போன் கீச்சென்றது. வேலை இல்லாத வீட்டில் ரொம்ப நேரம் நின்றுவிட்டார் அல்லவா? சிவப்பு காட்டுகிறது மேடம் என்று சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிப் போனார். ஒரு மனுஷன் தன் அம்மாவை நினைத்து நின்ற நேரம் அது. ஆப்புக்கு அது வெட்டி நேரம்.

மஞ்சுநாத்தை நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் பார்த்த புள்ளி பச்சையாகத்தானே இருந்தது? அவர் போனிலும் ஒரு புள்ளி ஓடுகிறது, அதையும் மேலே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான், சேகரையும் பாஷாவையும் கேட்டுக்கொண்டு, இவ்வளவும் எழுதுகிறேன். பேரைப் போடாதீங்க மேடம், ஊரைப் போடுங்க என்று சொன்னது சேகர்தான்.

நேற்று அந்தப் பழைய மெசேஜைத் தேடி எடுத்தேன். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. 'சேகர் உங்கள் வீட்டுக்கு வந்து சென்றார். எத்தனை ஸ்டார்?' மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அவர் அன்று இங்கே வரவில்லை, அவர் அம்மா படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல அதில் ஒரு பட்டன்கூட இல்லை.

அதனால்தான் இங்கே எழுதினேன். ஆம்பூரில் இந்தப் பத்திரிகை கிடைக்கும்.