அவருக்கு மட்டும் அடித்த வாடை

மலாயாவில் பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு மருந்து போட்டவரை டிரசர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாள், என் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று கத்தரியை எட்ட வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கண் திறந்தே இருந்தது. வாய் எதையோ மென்றது. விரல்கள் சட்டைத் துணியை நிரடின. கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத்தான் தெளிந்தார்.

"பயந்துட்டியா தங்கச்சி? இதுவும் வலிப்புல ஒரு வகைதான். முதல்ல ரப்பர் கருகுற வாடை அடிக்கும், எனக்கு மட்டும். உடனே உட்கார்ந்துடுவேன்."

"மருந்து இல்லையாய்யா?"

"இருந்துச்சு. சண்டை வந்ததும் மாத்திரை வர்றது நின்னுபோச்சு. இப்ப வலிப்பு தினமும் வருது."

அடுத்த மாதம் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். அவரையும் லாரியில் ஏற்றினார்கள்.

"நோயைச் சொல்லுங்கய்யா" என்று கெஞ்சினேன்.

"சொல்லிட்டேன். நல்லாத்தானே நிக்கிறியேன்னு ஜப்பான்காரன் சிரிக்கிறான்" என்றார்.

லாரி கிளம்பியபோது பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். என்னை நேராகப் பார்த்தார், பதில் இல்லை. போனவர் திரும்பி வரவே இல்லை. என்னைத் தெரிந்துதான் பார்த்தாரா, இல்லை அப்போதும் வலிப்பில் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.