விரலில் இல்லாத கரகரப்பு

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கிற அவரை ஊரில் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி ஒரு தரம் மோந்து பார்ப்பார், உள்ளே எது கருகியது என்று சொல்லிவிடுவார். மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை, அவருக்குக் கீழே ஒரு தங்கை. அந்த வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அந்தச் செல்லம் கடை வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

தங்கை புருஷன் ஒரு இசைக்குழுவில் பதினோரு வருஷமாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். குழுவிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது, உள்ளே கண்ணாடிக் குழல் மாதிரி வால்வுகள், இரண்டு ஆள் தூக்குகிற கனம். மண்டபத்தில் முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் பாடும். அப்புறம் கரகரவென்று இருமும், தானாக அடங்கும், மறுபடி இருமும். கருகல் என்றால் மோந்து பிடிக்கலாம். கரகரப்புக்கு ஏது வாசனை?

மூன்று முறை அது கடைக்கு வந்தது. மூன்று முறையும் பெட்டியிலிருந்து உருவி மேசைமேல் மல்லாத்திப் போட்டார். வால்வுகளை மாற்றினார், கிட்டார் ஒயரை மாற்றினார், பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மூச்சு விடவில்லை அது.

குழுவை நடத்துகிற டிரம்ஸ்காரர், கீபோர்டுக்காரரையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணே, பேய் கீய் பூந்துருச்சா?"

தெரியவில்லை என்று சொல்ல மூக்கண்ணனுக்கு வாய் வரவில்லை. "பெட்டி சுத்தம். கோளாறு கையில. கம்பியைச் சரியா அழுத்தலேன்னா கரகரக்காம என்ன செய்யும்?"

"இல்ல மச்சான், நான் கையை எடுத்தப்பவும் வந்துச்சு," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"பெட்டிக்குள்ள இருக்கறத எனக்கே சொல்லித் தர்றீங்களா மாப்பிள்ளை?"

கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "சனிக்கிழமைக் கச்சேரிக்கு வேற ஆளைப் போட்டுப் பாக்கறேன். வெள்ளிக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கறேன்," என்றார் டிரம்ஸ்காரர்.

மறுநாள் மத்தியானம் தங்கை வந்தாள். ஆம்ப்ளிஃபயர் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, முதல்ல அந்த ஃபேனை அணை. எனக்குச் சளி பிடிச்சிருக்கு."

அணைத்தார்.

"அவரு சரியா சாப்பிடறதே இல்ல. டிரம்ஸ்காரர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"தொழில்ல உறவு பாக்க முடியாதும்மா."

அவள் மேலே கேட்கவில்லை. பெரியக்கா மகளுக்கு இரண்டாவது குழந்தை, நடு அக்காவுக்கு முட்டிவலி என்று பேச்சு எங்கெங்கோ போய் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதுதான் மேசைமேல் கரகரவென்றது. கிட்டார் மாட்டவே இல்லை. விரல் வைக்க ஆளும் இல்லை.

"என்னண்ணா அது?"

"ஒண்ணுமில்ல. சூடு."

அவள் போனதும் பென்சிலை எடுத்தார். மூன்றாவது வால்வு உட்காருகிற குழியின் அடியில் ஒரு முனை. தொட்டால் நின்றது, விட்டால் இருமியது. ஈயம் சரியாகப் பிடிக்காமல் சாம்பல் பூத்திருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு நகப்பூச்சுப் பொட்டு. பற்றவைத்து முடித்த இடத்தில் எல்லாம் அவர் வைக்கிற அடையாளம். போன வருஷம் அந்தக் குழியை மாற்றியதும் அவர்தான். சூடு ஏறினால் முனை விலகுகிறது. கடையில் சூடு ஏறவே விடாமல் அவருடைய மேசை விசிறி ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டு நிமிஷத்தில் ஈயம் வைத்தார். பெட்டிக்குள் போட்டு விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினார். ஒரு இருமல் இல்லை. பெட்டியோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டார்.

ஞாயிறு காலை டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே படியேறினார். "கையைக் குடுங்கண்ணே! நீங்க சொன்னது அப்படியே சரி. புது ஆள் மூணு மணி நேரம் வாசிச்சாரு, ஒரு சத்தம் இல்ல. அவரையே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

மூக்கண்ணன் கையைக் கொடுத்தார். கொடுத்த கையை அப்புறம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று முழுக்க வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கள் மாலை ஒத்திகை அறைக்குப் போய், எல்லாரும் இருக்கும்போதே சொன்னார். "கோளாறு மாப்பிள்ளை கையில இல்ல. என் கையில. நான் வச்ச ஈயம்தான்."

"அப்ப மூக்கு அறுபட்டுச்சுன்னு சொல்லுங்க," என்றார் கீபோர்டுக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார். "உங்க பேச்சை நம்பித்தானேய்யா பதினோரு வருஷ ஆளை நிறுத்தினேன்?"

"திரும்பக் கூப்பிடுங்க."

"நீங்களே போய்க் கூப்பிடுங்க. நான் எந்த முகத்தோட போறது?"

தங்கை வீட்டில் மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். விரல் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். நின்றபடியே மூக்கண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நரம்புல ஏதோன்னு டாக்டர்கிட்ட காட்டினேன் மச்சான். ஒண்ணுமில்லைன்னாரு. நான்தான் நம்பல. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு..."

அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள். "நான் வந்தன்னைக்கே தெரியுமா?"

"நீ போனதும் தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் இத்தனை நாளா?"

மூக்கண்ணன் மறுபடியும் கையை வேட்டியில் துடைத்தார்.

"நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"ஆறுக்கு."

"வர்றேன்னு சொல்லிடுங்க."

எப்போது வந்தாலும் தெருமுனை வரை கூட நடந்து வழியனுப்புகிற தங்கை, அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூக்கண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சநேரம் வாசலில் நின்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.