மதிலுக்கு மேலால் போன வயர்

ஒரு கணினியில் இருப்பதை இன்னொரு கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். வயரின் இரண்டு முனைகளையும் செருகுவது அதில் மிகச் சிறிய பகுதி. 'கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை' என்று குடும்பத்திலோ ஒழுங்கை அயலுக்குள்ளோ ஒருமுறை பெயர் எடுத்துவிட்ட உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எனக்குக் கடை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கழித்தல் கணக்கு

வட்டுக்கோட்டையில் ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவர். தேவாலயப் பாடகர் குழுவுக்காக அவர் அடித்து வைத்திருந்த ஞானப்பாட்டுகள் எல்லாம் பழைய கணினியில் இருந்தன. அதையும் புதிய மடிக்கணினியையும் வயரால் இணைத்துப் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். புதியதில் இருநூற்றுப் பதினான்கு பாட்டு. பழையதிலும் இருநூற்றுப் பதினான்கு பாட்டு. திரும்பவும் எண்ணினார். பிரதி எடுத்தால் மூலம் அப்படியே இருக்கும் என்று நான் சொன்னது, ஆயுள் முழுக்கக் கழித்தல் படிப்பித்தவருக்குப் போதவில்லை.

"தம்பி, இதிலை ஒண்டும் குறையேல்லை எண்டால், அதுக்குள்ளை போனது என்ன?"

சம்மாட்டியாரின் தாராளம்

மயிலிட்டியில் மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டியார் ஒருவர், எந்த மாதம் கடலில் எந்த இடத்தில் மீன் பட்டது என்பதைப் பல வருடமாகத் தன் கணினியில் குறித்து வைத்திருந்தார். புதிதாகப் படகு வாங்கிய மைத்துனர், அதைத் தனக்கும் தரும்படி கேட்டுவிட்டார். சொந்தத்துக்குள் மாட்டேன் என்று சொல்ல முடியாது. இரண்டு மடிக்கணினிகளும் ஒரே மேசைக்கு வந்தன.

எந்தக் கோப்புறையைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டேன். மைத்துனர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும்வரை சம்மாட்டியார் வாயைத் திறக்கவில்லை. போனதும் என் பக்கம் குனிந்தார்.

"மீன் படாத இடமெல்லாம் ஒரு பக்கத்திலை கிடக்கு, அதைத் திறந்து விடும். அதுக்குள்ளை ஒளிக்க ஒண்டும் இல்லை."

யார் முதலில் கதைப்பது

கொக்குவிலில் ஒரு அண்ணனும் தம்பியும். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் மதில். அந்த மதில் ஒரு சாண் தள்ளிக் கட்டப்பட்டதா இல்லையா என்பதில் ஆறு வருடமாக இருவருக்கும் கதை பேச்சு இல்லை. தம்பியோடு இருந்த தாய் இறந்துபோனார். செத்த வீட்டிலும் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். தாயின் வாழ்க்கை வரலாறும் வம்சவழியும் அண்ணனின் கணினியில். படங்கள் எல்லாம் தம்பியின் கணினியில். நான்கு மணிக்குள் தராவிட்டால் மலர் நேரத்துக்கு வராது என்று அச்சகம் சொல்லிவிட்டது. என்னைக் கூப்பிட்டபோது மணி இரண்டு.

படங்களைக் கைபேசியில் அனுப்பலாமே என்று தம்பியிடம் கேட்டேன். அனுப்பினால் தான்தான் முதலில் கதைத்ததாக வந்துவிடும் என்றார். பென்ட்ரைவில் போட்டுத் தந்தால் நான் கொண்டுபோகிறேன் என்றேன். அதுவும் கொடுத்ததாகத்தான் வருமாம். கேட்டு வாங்கலாமே என்று அண்ணனிடம் போனேன். செத்தாலும் கேட்க மாட்டாராம். கடைசியில் மதிலுக்கு மேலால் நீளமான வயரைப் போட்டேன். தம்பி கோப்புறையைத் திறந்துவிட்டால் போதும், அண்ணன் தன் வீட்டில் இருந்தபடியே எடுக்கலாம் என்று விளக்கினேன். தம்பி கணினிக்கு முன்னால் போய் இருந்தார்.

"அப்ப சரி. நான் குடுக்கேல்லை, அவர் எடுக்கிறார்."

மதிலுக்கு அந்தப் பக்கம்

வயர் சரியாக இருந்தது. ஆனால் அண்ணனின் திரை, தம்பியின் கணினிக்கான கடவுச்சொல்லைக் கேட்டது. அது கேட்காமல் இருக்க ஒரு வழி உண்டு; அதையும் செய்தேன்; அன்றைக்கென்று அது வேலை செய்யவில்லை. உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஒரு படலையால் வெளியே வந்து மற்றப் படலையால் உள்ளே போவதாக நாலைந்து தரம் நடந்தேன். கடவுச்சொல்லை எனக்குச் சொல்லத் தம்பிக்கு மனமில்லை. மூன்றரைக்கு அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது.

தம்பி சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனின் வீட்டுப் படி ஏறி, ஒன்றும் பேசாமல் கடவுச்சொல்லை அடித்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படங்கள் வரத் தொடங்கின. தாய் குசினிக்குள் அடுப்படியில் நின்று யாரையோ ஏசுகிற படம் ஒன்று வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தம்பி தேத்தண்ணி குடிப்பாரோ என்று கேட்கும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். கையெட்டும் தூரத்தில் நின்ற தம்பியும், சீனி போடாமல் என்றால் குடிப்பேன் என்று சொல்லும்படி என்னிடமே சொன்னார். நான் வாயெடுக்க முன்னரே அண்ணன் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"உனக்கு எப்பயடா சீனி வருத்தம் வந்தது?"

மலர் நேரத்துக்கு அச்சேறியது, எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்க மட்டும் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை; இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை, அன்றைக்கு அந்தக் கடவுச்சொல்லை நிறுத்த முடியாமல் போனது ஒன்றுதான்.