மகன் குரல் இருந்த தட்டு

அந்தத் தட்டு என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. கறுப்பாக, தபால் அட்டைபோல இலேசாக இருக்கும். பினாங்கில் கடை வேலையில் இருந்த என் மூத்த மகன், தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல், அங்கே காசு போட்டால் குரலைப் பதிந்து தரும் ஒரு கூண்டுக்குள் நின்று பேசிப் பதிந்து அனுப்பிய இசைத்தட்டு. எங்கள் பக்கம் பெண்ணின் அண்ணன் மாலை போட்டு அழைத்தால்தான் மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைப்பார். மாலையை என் தம்பி மகன் போடுவது, அழைப்பது மட்டும் இவன் குரலாக இருப்பது என்று முடிவு செய்திருந்தோம். அந்தத் தட்டுக்கு வேறு நகல் கிடையாது.

அரியக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வந்து நின்றுவிட்டார். மைக்செட்டுக்காரர், காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்த இரும்பு ஊசிப் பெட்டியில் தட்டை வைத்து ஊசியைத் தூக்கினார்.

“கையை எடுய்யா!”

மேளத்தையும் மீறி வந்தது சம்பந்தியம்மாவின் குரல். மாப்பிள்ளையைப் பெற்றவர்.

“தட்டுன்னா தட்டுதானே தாயி? வச்சாப் பாடும்.”

“ஒரு தடவை பாடும். பெறகு நீ உழுது போட்ட வயலைத்தான் கேக்கணும். என் எல்.பி. ஒண்ணை இப்படித்தான் தொலைச்சாக.”

இன்று அதை நானே யாருக்கும் விளக்குவேன். கீழே போட்டால் உடையும் பழைய கனத்த தட்டு வேகமாகச் சுற்றும். இரும்பு ஊசியின் பாரத்தைத் தாங்கும். எல்.பி. என்கிற பெரிய தட்டு மெதுவாகச் சுற்றும், அதன் கோடுகள் மெல்லியவை, இலேசான ஊசிதான் வேண்டும். கூண்டில் பதிந்த தட்டிலோ மேலே மெழுகுபோல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். எந்த ஊசி பட்டாலும் தேயும். இரும்பு ஊசி பட்டால் சுரண்டிக்கொண்டே போய்விடும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு வட்டம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் எனக்கே அன்று அது தெரியாது.

நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். “வேணாம் சம்பந்தி, ஓட்டாமலே விட்டுருவோம்.”

“பெட்டியில பூட்டி வைக்கவா அனுப்பிச்சாரு? ஒங்க மகன் கூப்பிடாம என் மகன் உள்ள வர மாட்டான்.” தன் வீட்டு ரெக்கார்டு பிளேயரை எடுத்து வரக் காரைக்குடிக்குக் காரில் ஆளை விரட்டினார்.

“மாப்பிள்ளையை வெயில்ல காயப்போட்டுட்டு என்னங்க கூத்து இது?” என்றார் அவருடைய கொழுந்தனார்.

“நிக்கட்டும். இத்தனை வருசம் நெழல்லதானே வளந்தான்? ஒங்களுக்குச் சுட்டா அங்குட்டுப் போயி ஒக்காருங்க.”

பெண் வீட்டார் தாமதித்தால் சண்டைக்கு நிற்கிற இடத்தில், மாப்பிள்ளை வீட்டு அம்மா தன் பிள்ளையையே நிறுத்தி வைத்தார். முகூர்த்தம் நெருங்கியது. கார் வந்தது. இலேசான ஊசியை அவரே வைத்து, மைக்கை அருகில் பிடித்தார். கரகரவென்ற சத்தம். பிறகு என் மகன்: “வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க.”

“இப்பப் போடா,” என்றார் சம்பந்தியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சென்ற மாதம் சம்பந்தியம்மா திடீரென்று போய்விட்டார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. துக்க வீட்டில் அவருடைய இசைத்தட்டு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தேன். ஊர் உலகத்துப் பாடகர் குரல் எல்லாம் இருந்தது. அவர் குரல் ஒன்றிலும் இல்லை.